கல்யாணப் பட்டு வேட்டி

அன்று அலமாரியில் இருந்தவர்கள் மூன்று பேர்: ஓட்டை வேட்டி, பழுப்பேறிய வேட்டி, கல்யாணப் பட்டு வேட்டி.

வெளியே அடைமழை. கைக்குழந்தையின் துணி எதுவும் காயவில்லை. அம்மா கத்திரிக்கோலோடு வந்தாள்.

"பிள்ளைக்குப் பழசுதான் மெத்தென்று இருக்கும். அண்ணே, நீங்க போங்க" என்று ஓட்டை வேட்டியிடம் சொன்னது பழுப்பு வேட்டி.

"நான் புதுசுப்பா."

"அப்போ அந்த ஓட்டை?"

"காற்றுக்காக வைத்தது."

அம்மா இரண்டையும் கிழித்தாள். பட்டு வேட்டி சிரித்தது. "என் சரிகை குத்தும். என்னை யார் தொடுவார்?"

மறுநாள் பெயர் சூட்டு விழா. அப்பா பட்டு வேட்டி கட்டி, குழந்தையை மடியில் வாங்கினார். பிறந்ததிலிருந்து சரியாகத் தூங்காத பிள்ளை, மடியை நனைத்துவிட்டு அயர்ந்து தூங்கிப்போனது. கூடியிருந்த சொந்தக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அசையாதீங்க" என்ற அம்மா, குழந்தையைச் சுற்றி வட்டமாக வெட்ட ஆரம்பித்தாள்.

"ஐயோ, நான் பட்டு!" என்று அலறியது வேட்டி.

கொடியில் கிடந்த பழைய வேட்டிகளின் துண்டுகள் அதட்டின: "மெதுவாப் பேசுங்க அண்ணே, பிள்ளை முழிச்சிடும்!"

வேட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டது.

அம்மா பிள்ளையை வட்டத்துணியோடு தூக்கித் தொட்டிலில் கிடத்தினாள். பிள்ளை விழிக்கவில்லை.

அப்பாவின் இடுப்பில் மீதி இருந்தது ஒன்றேகால் முழம்.