நிழலுக்கு வரி போட்ட நாடு

“அந்தத் தம்பியை எதுக்கு சார் கொன்னீங்க?”

பத்தாம் வகுப்புச் சீருடையில் இருந்த பெண் மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். எதிரே இருந்தவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வேற வழியில்லம்மா. அவன் சாகலைன்னா அவன் அக்காவுக்குக் கோபம் வராது. கோபம் வரலைன்னா புரட்சி வராது. கதையே நின்னுடும்.”

“கோபம் வர்றதுக்கு ஒரு உயிரா? என் சார்ஜரை யாராவது எடுத்தாலே எனக்கு வந்துடும்.”

நடுவில் பதிப்பாளர் உட்கார்ந்திருந்தார். இளைஞர்களுக்கான நாவல் எது வந்தாலும், ஒரு பள்ளி வாசகர் மன்றத்தில் கண்டெடுத்த இந்தப் பெண்ணிடம்தான் முதலில் படிக்கக் கொடுப்பார். பிறகு எழுதியவரை வரவழைத்து அவள் எதிரே உட்கார வைத்துவிட்டு, தான் பாட்டுக்கு நகம் வெட்டிக்கொண்டிருப்பார். முடிவு மட்டும் அவருடையது. அதை எப்படி எடுக்கிறார் என்று யாரிடமும் சொன்னதில்லை.

எழுத்தாளர், இன்சூரன்ஸ் அலுவலகத்தில் விபத்து மனுக்களை நிராகரிக்கும் பிரிவில் இருப்பவர். அவருடைய நாவலை மற்ற பதிப்பகங்கள் எல்லாமே நிராகரித்துவிட்டன. இந்த அறையும் கையை விரித்துவிட்டால் நாவல் பரணில் ஏற வேண்டியதுதான்.

“நிழலுக்கு வரி போடற அரசாங்கம். சரி, ஒத்துக்கறேன்” என்றாள் அவள். “மழைக்காலத்துல சம்பளம் எப்படிக் குடுப்பாங்க?”

“என்னது?”

“வெயில் இல்லைன்னா நிழல் இல்லை. நிழல் இல்லைன்னா வரி இல்லை. அந்த ராணுவம் எதைத் தின்னுட்டு மக்களை அடக்கும்?”

“அது உருவகம்மா!”

“உருவகத்துல மழை பெய்யாதா சார்?”

பதிப்பாளர் நகவெட்டியைக் கீழே வைத்தார்.

“இந்த மாதிரிக் கதை எதை எடுத்தாலும் நாட்டைக் காப்பாத்தறது எங்க வயசுதான். பெரியவங்கல்லாம் அப்ப எங்க போறாங்க, ஆபீசுக்கா? ஊர் பத்திக்கிட்டு எரியுது. அந்த அக்கா என்னடான்னா, முறைக்கிறவனைக் காதலிக்கறதா, மருந்து போடறவனைக் காதலிக்கறதான்னு மூணு அத்தியாயம் யோசிக்கிறா.”

“வெறும் அரசியல் மட்டுமா இருக்கு? மாயாஜாலமும் இருக்கே. அதையும் சொல்லிடு” என்றார் எழுத்தாளர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“அங்கதான் வர்றேன். முதல் பக்கத்துல பெரிய மேப். அதுல இருக்கிற எரிமலைக்குக் கடைசிவரைக்கும் ஒரு ஈ காக்கா போகலை. மந்திரவாதி பேரு ஒரு வரி நீளம். கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள அவன் நம்மளைக் கொன்னுட்டு வீட்டுக்கே போயிடுவான். அரசாங்கத்தை எப்படிக் கவுக்கிறதுன்னு உங்களுக்குத் தெரியலை. அதனால பறக்கற பாம்பைக் கூப்பிட்டுட்டீங்க.”

“மரியாதையாப் பேசு!”

“பாம்பைப் பத்தியா சார்?”

எழுத்தாளர் தண்ணீரைக் குடித்தார். அது பதிப்பாளருடைய தம்ளர் என்பதைக் குடித்து முடித்த பிறகுதான் கவனித்தார்.

“எல்லாம் போகட்டும். அந்த நாயகி ஈரத் துண்டைக் கட்டில்மேல போட்டுட்டுப் போறா. தலை வாரின சீப்பை ஃபிரிட்ஜ் மேல வச்சிட்டுத் தேடறா. இப்படி ஒருத்தி ஒரு நாட்டைக் காப்பாத்துவாளா? நம்பற மாதிரியா இருக்கு?”

“அதுதான் இந்த நாவல்லயே சத்தியமான இடம்” என்று எழுத்தாளர் குரலை உயர்த்தினார். “என் பொண்ணைப் பார்த்துத்தான் எழுதினேன். வேணும்னா இப்பவே எங்க வீட்டுக்கு வந்து பாரு. துண்டு கட்டில்ல கிடக்கும்.”

முதல்முறையாக அவள் காதுவரை சிவந்து போனாள்.

“பாவம் சார் உங்க பொண்ணு” என்றாள்.

“என் பொண்ணைப் பத்தி நீ பேசாதே! பரீட்சைக்குப் படிக்கிற வயசுல உனக்கு எதுக்கு இந்த நாட்டாமை?”

“படிச்சிருப்பேன். உங்க பாம்பு வந்து கெடுத்துடுச்சு.”

எழுத்தாளர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. பதிப்பாளர் கையை உயர்த்தினார். “போதும். நீ கிளம்பும்மா.”

அவள் பையை மாட்டிக்கொண்டு, எழுத்தாளரை ஒரு முறை முறைத்துவிட்டுக் கதவை அறைந்து சாத்தினாள்.

பதிப்பாளர் இழுப்பறையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். “கையெழுத்துப் போடுங்க.”

“அந்தப் பொண்ணு இவ்வளவு கிழிச்சுட்டுப் போறாளே?”

“அதனாலதான். ‘நல்லா இருக்கு அங்கிள்’னு அவ சொன்ன புத்தகம் எதையும் நான் போட்டதே இல்லை. அதையெல்லாம் பாதியில மூடி வச்சிருப்பா. இப்படித் திட்டணும்னா கடைசிப் பக்கம்வரைக்கும் போயிருக்கணும். இந்தக் கோபத்தோட ஸ்கூலுக்குப் போய் அவ சும்மா இருப்பாளா? அவகூட மல்லுக்கு நிக்கறதுக்காவது நாலு பேர் வாங்குவாங்க.”

எழுத்தாளர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். படியிறங்கும்போதும் அந்த முகத்தைக் கலைக்கவில்லை.

தெரு திரும்பியதும் ஓட ஆரம்பித்தார். ஜெராக்ஸ் கடை வாசலில் நின்ற அவருடைய ஸ்கூட்டர்மேல், அந்தப் பெண் மடியில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

“கையெழுத்தாயிடுச்சு கண்ணு! நீ திட்டினாத்தான் அந்தாளு புத்தகம் போடுவாருன்னு சொன்னியே, அச்சு அசலா அப்படியே நடந்தது!” அவருக்கு மூச்சு வாங்கியது. சிரிப்பும் அடங்கவில்லை. “ஆனா என்னமா நடிச்சே! மழைக்காலம்னு கேட்டியே, நான் நிஜமாவே ஆடிப்போயிட்டேன்.”

மகள் ஹெல்மெட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்னிருக்கைக்கு நகர்ந்தாள்.

“நான் நடிக்கலைப்பா.”