லாரியில் ஓர் இடம்

வெளியூர் கிளம்புமுன் குடும்பத்தின் நகல்களைத் திரையில், போகவிருக்கும் பாதையில் அனுப்பிப் பார்ப்பது கனடாவில் எல்லா வீட்டிலும் வழக்கமாகிவிட்டது. ஆள் எப்படி நடந்துகொள்வாரோ, நகலும் அச்சு அசலாக அப்படியே நடந்துகொள்ளும். பூங்கோதையின் கணவர் குலசேகரனும் வடக்கே யூக்கான் பனிக்காட்டுக்குக் காரில் போகும் பயணத்தைத் திரையில் மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டார்.

மூன்று முறையும் நடுக்காட்டில் கார் பனியில் புதைந்தது. அந்த வழியாக வந்த லாரியில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அவருடைய நகல் புளியோதரை டப்பாவோடு அதில் ஏறிப் போனது. திரும்பிப் பார்க்கவே இல்லை. பூங்கோதையின் நகல் காருக்குள்ளேயே விறைத்துச் செத்தது.

"டயர்லதான் கோளாறு, கோதை. மாத்திட்டா சரியாயிடும்," என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"டயரா லாரில ஏறிப் போச்சு?"

அவர் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். பிறகு பெரிய மனசு பண்ணிச் சொன்னார்: "சரி, உனக்குன்னு தனியா ஒரு டப்பா கட்டிக்கோ."

பூங்கோதை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கிளம்பும்போது சக்கரங்களுக்கு அடியில் வைக்க வாங்கியிருந்த நாலு எலுமிச்சம்பழங்களையும் நறுக்கிப் பிழிந்து, ஒரே ஒரு டம்ளர் ஜூஸ் போட்டு, அவர் எதிரிலேயே நின்று குடித்தாள்.