சம்பளமில்லாத வாசல்காரன்

“வாசல்ல ஒருத்தனை நிறுத்தப் போறேன். இனிமே யார் வந்தாலும் முதல்ல அவன்கிட்டதான் பேசணும்.”

“எதுக்குங்க? நம்ம வீட்டுக்குத் தபால்காரரே மாடி ஏற மாட்டேங்கறார்.”

“சம்பளம் கிடையாது, சாப்பாடு கிடையாது, தூங்கவே மாட்டான். வர்றவங்களுக்கு யார் வேணும்னு கேட்டு, சரியான ரூமுக்கு அனுப்பி வெப்பான்.”

‘அப்படி ஒருத்தி இந்த வீட்டுல ஏற்கெனவே இருக்காளே’ என்று நாக்கு நுனி வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் கணவன் மனைவிக்குள் நடந்த பேச்சு இது. வாசல்காரனின் பெயர் ரிவர்ஸ் ப்ராக்ஸி, அது ஆள் இல்லை, கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு புரோகிராம் என்பதெல்லாம் மறுநாள் ஸ்டோர் ரூம் மளிகை டப்பாக்கள் கட்டிலுக்கு அடியில் போனபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

காலியான ஸ்டோர் ரூமில் மூன்று மெஷின்கள் குடியேறின. அவற்றுக்குப் புழுங்குமே என்று சமையலறை ஃபேனும் கூடவே போனது. ரிடையர் ஆனதிலிருந்து பதவியில்லாமல் தவித்த மாமனார், வெப்சைட்டுகளுக்கு யார் யார் வருகிறார்கள் என்று கண்காணிக்கும் பொறுப்பை ஏற்றார். பெரும்பாலும் அவரேதான் வந்துபோனார்.

வீட்டில் ஆளுக்கொரு வெப்சைட். மனைவிக்கும் அம்மாவுக்கும் அதிலேயே தனித்தனி நோட்டுப் புத்தகம். “மனசுல இருக்கறதை எழுதுங்க. வேற ஒருத்தர் கண்ணுல படாது. அதுக்கு நான் கேரண்டி” என்றான் கணவன்.

மருமகள் எழுதித் தள்ளினாள். மாமியார் ஒரு வரி எழுதவில்லை. ஆனாலும் தினமும் மத்தியானம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டேப்லெட்டில் தன் நோட்டைத் திறந்து அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை அந்த டேப்லெட் சமையலறை மேடையில் சார்ஜில் கிடந்தது. நகர்த்தி வைக்கப் போன மருமகளின் கை அப்படியே நின்றது. திரையில் இருந்தது, அவள் தன் நோட்டில் எழுதியது.

‘மெஷின் சூடானா ரெண்டு பேர் ஓடி வர்றாங்க. எனக்கு ஜுரம் வந்தப்ப, காபி எங்கேன்னு ரெண்டு பேர் வந்து கேட்டாங்க. ஆபீஸ்ல வெளியூர் கிளைக்குப் போறியாங்கறாங்க. ரெண்டு ரூம் குவார்ட்டர்ஸ் உண்டு. திங்கக்கிழமை பதில் சொல்லணும். போகத்தான் ஆசை. அத்தைகிட்ட எப்படிக் கேப்பேன்?’

கணவனை இழுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போனாள். அவன் எதையோ திறந்து பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

“உன் நோட்டுக்கு எழுதின செட்டிங்கை அப்படியே காப்பி பண்ணி அம்மாவுக்குப் போட்டேன். மேல பேரை மாத்தினேன். கீழ போர்ட் நம்பரை, அதான் ரூம் நம்பரை, மாத்த மறந்துட்டேன்.”

“அப்படின்னா?”

“யார் கேட்டாலும் வாசல்காரன் ஒரே ரூமுக்குத்தான் அனுப்பியிருக்கான். அம்மா இவ்வளவு நாளும் பார்த்தது உன் நோட்டைத்தான்.”

“எவ்வளவு நாளா?”

“முதல் நாள்லேர்ந்து.” அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். “ஆனா ஒரு நாள்கூட டவுன் ஆகல, பார்த்தியா?”

“அதானே பார்த்தேன்!” என்றார் அங்கே கண்காணிப்பில் இருந்த மாமனார். “அந்த நோட்டுக்கு மட்டும் எப்பவும் நல்ல கூட்டம்.”

எட்டு மாதமாக என்னென்ன எழுதினோம் என்று அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். துணிக் கூடையோடு மாமியார் ஸ்டோர் ரூம் வாசலில் வந்து நின்றார். மூன்று பேரையும் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

“அத்தை... ஏதோ கோவத்துல எழுதினது...”

“நீ துடைச்ச மேசையை நான் மறுபடி துடைக்கறேன்னு எழுதியிருந்தே. அன்னிலேர்ந்து துடைக்கறதில்ல. கவனிச்சியா?”

அவள் கவனிக்கவில்லை. “நாளைக்கு ஆபீஸ்ல வரலைன்னு சொல்லிடறேன் அத்தை.”

“அம்மா, ரெண்டே நிமிஷம்” என்றான் கணவன், கீபோர்டை விட்டுக் கண்ணை எடுக்காமல். “உனக்குத் தனி நம்பர் போட்டுடறேன். அப்புறம் எந்தப் பிரச்சினையும் இருக்காது.”

மாமியார் மகனைப் பார்க்கவில்லை. மருமகளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முப்பத்தாறு வருஷத்தில் அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். மூன்றாவது தடவை குரல் வந்தது.

“அந்தக் குவார்ட்டர்ஸ் ரூம்ல ஒண்ணை எனக்குக் குடுத்துடும்மா.”