எண்பத்தேழாவது வரி

அலுவலகத்தின் பழைய கணினி நிரல்களைப் புரட்டிப் பார்க்க பூரணி ஒரு சின்ன நிரல் உலாவியைத் தானே கட்டினாள். இடப்பக்கம் கோப்புகளின் பெயர்கள், வலப்பக்கம் நிரல், அடியில் ஒவ்வொரு வரியையும் எழுதியவர் பெயரும் தேதியும். புரோகிராமர்கள் தங்களுக்குள் எழுதிவைக்கும் குறிப்புகளைக் கணினி படிப்பதில்லை. திரை அழகாக இருக்கட்டும் என்று அவளும் அவற்றை மறைத்திருந்தாள். சோதிக்க ஒரு கோப்பைத் திறந்தபோது எண்பத்தாறாவது வரிக்கு அடுத்து எண்பத்தெட்டு வந்தது. மறைப்பை நீக்கினாள்.

"பூரணி, கீழ இருக்கற வரிய மாத்துனா எனக்கு ஒரு போன் பண்ணு. மாத்தலன்னாலும் பண்ணு."

அடியில் இருந்த பெயர் சேவியர். ஆறு வருடங்களுக்கு முன், அவன் வேலையை விட்டுப் போன தேதி. கீழே இருந்த வரி இத்தனை காலமும் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அந்தக் கோப்பை யாரும் திறக்கவே இல்லை. அவன் உட்கார்ந்திருந்த பக்கத்து நாற்காலியில் இப்போது அவளுடைய கைப்பை மட்டுமே இருந்தது.

"இத்தன வருஷம் கழிச்சு சும்மா எப்படிடா போன் பண்றது?" என்று அந்த நாற்காலியைக் கேட்டாள்.

பிறகு எண்பத்தெட்டாவது வரியின் கடைசியில், எதையும் மாற்றாத ஒரே ஒரு இடைவெளியைத் தட்டிச் சேமித்துவிட்டு, போனைக் கையில் எடுத்தாள்.