நிமிடத்துக்குப் பத்து வருடம்

செத்துப்போன கணவரின் மனசை லேப்டாப்பில் ஏற்றிவைத்துக் காப்பாற்றிவந்தாள் பரிமளம். ஆனால் அது ஓட்டை லேப்டாப். காலையில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் சாயங்காலம்தான் பதில் வரும். பொறுத்துப் பார்த்துவிட்டு, ரிச்சி தெருவில் பழுது பார்க்கும் அன்சாரியிடம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்சாரி போர்டிலிருந்த கடுகளவு ரெசிஸ்டரைப் பெயர்த்துவிட்டு வேறொன்றைப் பற்றவைத்தான்.

"இனிமே பிராசஸர் பிச்சுக்கிட்டு ஓடும்மா. ஆன் பண்ணதும் நீங்க அவர் பேரைச் சொல்லணும். உங்க குரல்ல பேரைக் கேட்டாத்தான் நம்ம வேகத்துக்கு இறங்குவார். அதுவரைக்கும் நமக்கு ஒரு நிமிஷம்னா அவருக்குப் பத்து வருஷம். நடுவுல ஆஃப் பண்ணா ஆளே அழிஞ்சிடுவார்."

ஆசை அவசரத்தில் பரிமளம் தலையாட்டினாள். அவன் சுவிட்சைப் போட்டான். உள்ளே ஃபேன் அலறியது.

"என்னங்க..."

"பேரும்மா!"

"காவேரி அப்பா..."

"அய்யோ, பேரைச் சொல்லுங்கம்மா!"

நாற்பத்தோரு வருடக் குடித்தனத்தில் ஒருநாளும் அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில்கூட மகள்தான் சொல்வாள். இப்போது முன்பின் தெரியாத ஆம்பிளை முன்னால், அவர் காதுபடவே எப்படிச் சொல்வது? உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம் ஓடிவிட்டது. அன்சாரி தலையில் அடித்துக்கொண்டான்.

பரிமளம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"தணிகாசலம்!"

ஃபேன் அடங்கியது. வந்தது அவர் குரல்தான். வெகுகாலம் யாரோடும் பேசாத குரல்.

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லையேம்மா."