மூல நிரல்

ரெமிஜியஸ் இரும்புக் கம்பியை ஓங்கி இரண்டாவது கணினித் திரையையும் உடைக்கிறான். தெறித்த சில்லு தங்கை விண்ணரசியின் நெற்றியைக் கிழிக்கிறது. மன்னார்குடிக் கடைவீதியின் மதிய வெயில் அச்சகத்துக்குள் வந்து, தரையெல்லாம் சிதறிய துண்டுகளில் மின்னுகிறது. திரையில் தெரியும் நிறமே தாளிலும் விழச் செய்கிற மென்பொருளை, எல்லாருக்கும் பொதுவான திறந்த நிரல் ஒன்றின்மேல் அவள்தான் எழுதினாள். அண்ணன் அதைத் தன் சொந்தச் சரக்கென்று பட்டுக்கோட்டை அச்சகம் ஒன்றுக்கு விற்றான். வாங்கியவர்கள் அதன் மூல நிரலை, அவள் எழுதிய கட்டளை வரிகளை அப்படியே, கேட்டார்கள். இன்று காலையில் அவள் அனுப்பிவிட்டாள்.

"யாரைக் கேட்டுடி கொடுத்தே?"

"அந்தப் பொது நிரலோட உரிமத்துலயே இருக்குண்ணே. நமக்குத் தொறந்து கொடுத்தாங்க, நாமளும் தொறந்துதான் கொடுக்கணும்."

அவள் தலைமுடியைப் பற்றி மேசையில் மோதுகிறான். ரோஜா நிற மெஜந்தா மைப் புட்டி கவிழ்கிறது. பளீரென்று பரவும் மையின்மேல் அவள் ரத்தம் கருப்பாகச் சொட்டுகிறது.

"ஃபோன் போட்டு அழிக்கச் சொல்லு."

"அழிக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லண்ணே. இனி அவங்க யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம்."

கம்பி மறுபடி உயர்கிறது. விண்ணரசி மை வழியும் இரு கைகளாலும் அதன் நுனியைப் பிடித்துக்கொள்கிறாள். அவன் இழுக்கிறான். அவள் விடவில்லை.