நாற்காலிக்கும் பெர்மிட்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொல்கிறவன் நாக்கு அழுகிப்போகட்டும்.

அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு சிற்றூர். வீட்டை ஒழிக்க லோர்னா அம்மாள் லாரி நீளத்துக்கு ஓர் இரும்புக் குப்பைப் பெட்டியை வாடகைக்கு எடுத்து வாசலில் இறக்கினாள். முதலில் அதில் விழ வேண்டியது, கணவர் டெல்பர்ட் நாற்பது வருஷமாகச் சாய்ந்துகிடந்த நாற்காலி. அவர் கெஞ்சிப் பார்த்தார், அவள் மசியாமல் அதை வாசலுக்கு இழுத்துவந்து போட்டாள்.

மறுநாள் காலை, ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர், நகராட்சி ஆள் தோரணையில், அளவு நாடாவோடு வந்து நின்றார்.

"பெர்மிட் இருக்காம்மா?"

"என் வாசல்ல வைக்கவுமா?"

"பின்னே? நடைபாதையிலேருந்து மூணடி தள்ளி வைக்கணும். அடியில பலகை போடணும். அதென்ன, நாற்காலியா? பஞ்சு வச்ச சாமானுக்குத் தனி பெர்மிட். ஆறு மாசம் ஆகும்."

"இந்த மனுஷனைத் தூக்கிப் போடணும்னா?"

"அவரும் பழைய சாமான்தானே? இதே பெர்மிட்தாம்மா."

லோர்னா நாற்காலியை மறுபடி கூடத்துக்கே இழுத்துப் போட்டாள். டெல்பர்ட் பெருமூச்சோடு அதில் சாய்ந்தார்.

"சட்டம்னு ஒண்ணு இருக்கே, லோர்னா. நாம என்ன செய்ய முடியும்?"

அந்த ஊரில் சொந்த வாசலில் பெட்டி வைக்க எந்தப் பெர்மிட்டும் வேண்டாம். ஆரஞ்சுச் சட்டை, டெல்பர்ட்டின் கூட்டாளி அவரோடு மான் வேட்டைக்குப் போகும்போது போட்டுக்கொள்வது.